பழைய சன் வேர்க்ஸ்டேஷனில் திரை இழுபட்டால் எங்கே பார்ப்பது

திரை மந்தமாக இருக்கிறது என்றவுடன் எல்லோரும் முதலில் கைவைப்பது கிராபிக்ஸ் கார்டில்தான். தயவுசெய்து அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி, பரந்தன், மல்லாவிப் பக்கத்துப் பயிற்சி நிலையங்களுக்கு வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிவைத்த சன் நிறுவனத்தின் பழைய கணினிகளான அல்ட்ரா 5, அல்ட்ரா 10, சன் பிளேட் 100, 150 போன்றவற்றில் நான் கைவைத்துப் பார்த்த அளவில், கார்ட் உண்மையில் பழுதாகியிருந்தது மிகக் குறைவு. மெமரி போதாமல் இருக்கும், பெயர் தேடும் அமைப்புப் பிழையாக இருக்கும், தேவையில்லாத வண்ண ஆழம் (ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் எத்தனை பிட் என்பது) போட்டிருப்பார்கள், அல்லது சரியான டிரைவர் ஏறியிருக்காது. இவை நான்கும் பெரும்பாலும் வெறும் அமைப்பு வேலைகள், காசு செலவில்லை. மாற்றுக் கார்ட் தேடுவதென்றால் கொழும்பு வரை அலைந்தாலும் கிடைப்பது அரிது, அதனால் இந்த ஒழுங்கை நான் விடாமல் சொல்வேன்.

இங்கே எழுதுவது பெரும்பாலும் சன்னின் இயங்குதளமான சொலாரிஸ் 8 முதல் 10 வரைக்குப் பொருந்தும். கட்டளைகளின் பெயரை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: எந்த நேரத்தில் மந்தம்? சன்னல் திறக்கும்போதா, நகர்த்தும்போதா, உருட்டும்போதா, மத்தியானத்துக்குப் பிறகு மட்டுமா? "எல்லாமே ஸ்லோ" என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் அவர் வேலை செய்வதைப் பாருங்கள், விடை தானாக வந்துவிடும்.

சன்னல் திறக்க அரை நிமிடம் எடுக்கிறது, திறந்த பிறகு நல்ல வேகம்

எங்கள் பக்கத்தில் அதிகம் பார்க்கும் நோய் இதுதான், கிராபிக்ஸுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு நிரல் தொடங்கும்போது எந்தத் திரையில் தன்னைக் காட்டுவது என்று பார்க்கும். அப்போது யந்திரத்தின் சொந்தப் பெயருக்கு ஐபி முகவரி என்ன என்று கேட்கும். அந்தக் கேள்வி டிஎன்எஸ் சேர்வருக்குப் போனால், இணைப்பு இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. ஆனால் மழை பிடித்து டொங்கிளில் சிக்னல் போன நாளில், பதில் வராத கேள்விக்கு 5 செக்கன் காத்திருந்து, மறுபடி கேட்டு, மறுபடியும் காத்திருந்து, கடைசியில்தான் சன்னல் வரும். பிள்ளைகள் அதற்குள் மூன்று தரம் கிளிக் பண்ணியிருப்பார்கள், மூன்று சன்னலும் ஒன்றாக வந்து விழும்.

சோதிப்பது சுலபம். டெர்மினலில் 'டைம் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' என்று தட்டி, பக்கத்தில் யந்திரத்தின் பெயரைப் போடுங்கள். உடனே விடை வந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். பல செக்கன் எடுத்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

திருத்துவதற்கு ஈடிசி அடைவிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் யந்திரத்தின் ஐபியும் பெயரும் இருக்க வேண்டும், லாபிலுள்ள மற்ற யந்திரங்களின் பெயர்களையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பிறகு என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் ஹோஸ்ட்ஸ் வரியில் 'ஃபைல்ஸ்' முதலிலும் 'டிஎன்எஸ்' பின்னாலும் வரவேண்டும். இரண்டும் சரியென்றால் இணைப்பு இல்லாவிட்டாலும் சன்னல் உடனே வரும். ரவுட்டரிலிருந்து தானாக முகவரி எடுக்கும்படி வைத்தால் சொலாரிஸ் சிலவேளை தன் பெயரை 'அன்நோன்' என்று மாற்றிக்கொள்ளும், அதோடு ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியதெல்லாம் வீண். ஆகவே இந்த யந்திரங்களுக்கு நிலையான முகவரியே கொடுங்கள்.

சொலாரிஸின் பழைய டெஸ்க்டொப்பான சிடிஇயில் உள்நுழையும்போதே நீண்ட நேரம் நின்று, 'டிடி மெசேஜிங் சிஸ்டம்' தொடங்க முடியவில்லை என்ற செய்தி வந்தாலும் காரணம் இதேதான். அந்தச் செய்தியைப் பார்த்துப் பயந்து முழு சொலாரிஸையும் மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி போதுமாக இருந்தது.

உருட்டினால் வரி வரியாகக் கீறுகிறது

போன மழைக்காலம் ஒரு தம்பி தொலைபேசியில் எடுத்தான். "அண்ணை, மேப்பை உருட்டினா மேலயிருந்து கீழ வரி வரியாக் கீறுது. கார்ட் பழுதாப் போட்டுதோ?" என்றான். "தம்பி, கார்டை விடு. எக்ஸ்டிபிவைஇன்ஃபோ அடிச்சு டெப்த் எவ்வளவு எண்டு பார்" என்றேன். 24 என்று வந்தது. அது அல்ட்ரா 5.

இந்த இடத்தில் கணக்கைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். 1998இல் வந்த அல்ட்ரா 5, அல்ட்ரா 10 இரண்டிலும் தாய்ப்பலகையிலேயே ஏடிஐ சிப் ஒன்று இருக்கிறது, சொலாரிஸ் அதை எம்64 என்று அழைக்கும். பிஜிஎக்ஸ்24 என்ற வகையில் அதற்கு 4 எம்பி மெமரி. 24 பிட் வண்ணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் போகும். 1152க்கு 900 என்ற அளவில் கிட்டத்தட்ட 41 லட்சம் பைட், அதாவது 4 எம்பிக்குள் மயிரிழையில் அடங்கும். 1280க்கு 1024 என்றால் 52 லட்சத்தைத் தாண்டும், அடங்காது. 8 பிட்டில் அதே 1280க்கு 1024 வெறும் 13 லட்சம் பைட்.

இடம் போதுமா என்பதோடு கதை முடியவில்லை. 24 பிட்டில் திரையை ஒருமுறை உருட்ட, 8 பிட்டைப் போல நான்கு மடங்கு பைட்டுகளை நகர்த்த வேண்டும். அந்தச் சிப்புக்கு அது பெரிய சுமை. அந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தது கிராஸ் என்ற வரைபட மென்பொருளில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வாய்க்கால், வயல் வரைபடம். வயல், காடு, தண்ணீர், வீதி, மேட்டுநிலம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்கள்தான். அதற்கு 8 பிட் தரும் 256 நிறம் தாராளம்.

'எம்64கொன்ஃபிக்' கட்டளையில் முதலில் 'மைனஸ் பிஆர்கொன்ஃப்' போட்டு இப்போதைய அமைப்பைப் பார்த்துக் குறித்துவையுங்கள். பிறகு 'மைனஸ் டெப்த் 8' கொடுத்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். மொனிட்டர் பழையதென்றால் 'மைனஸ் ரெஸ்' மூலம் அளவையும் 1024க்கு 768 ஆக இறக்கலாம். அந்தத் தம்பிக்கு இவ்வளவுதான் செய்யச் சொன்னேன், வரைபடம் ஒரே இழுப்பில் நகர்ந்தது.

8 பிட்டுக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரவுசர் போன்ற ஒரு நிரல் நிறங்களையெல்லாம் தனக்கே எடுத்துக்கொண்டால், அடுத்த சன்னலுக்கு மாறும்போது முழுத் திரையும் பச்சையும் ஊதாவுமாகப் பளிச்சென்று மாறும். பழுதில்லை. நிறப் பட்டியலைப் பங்குபோடும்போது வரும் விளைவு. வரைபட வேலையையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறக்காமல் இருந்தால் போதும். படம் திருத்துகிற வேலை என்றால் 24 பிட்டே வையுங்கள், மெதுவாக இருந்தாலும் நிறம் முக்கியம். சன் பிளேட் 100, 150இல் உள்ள பிஜிஎக்ஸ்64க்கு 8 எம்பி இருப்பதால் அங்கே 1280க்கு 1024 அளவிலும் 24 பிட் ஓடும்.

சொலாரிஸை எடுத்துவிட்டு நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளங்களைப் போட்டவர்களுக்கு: திரையை வரையும் நிரலான எக்ஸ் சேர்வரின் லொக் கோப்பைத் திறந்து எந்த டிரைவர் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 'டபிள்யூஎஸ்எஃப்பி' என்று இருந்தால் கார்டின் வேகப்படுத்தும் பகுதி எதுவும் வேலை செய்யவில்லை, ஒவ்வொரு புள்ளியையும் சிபியுதான் எழுதிக்கொண்டிருக்கிறது. 300, 400 மெகாஹேர்ட்ஸ் சிபியுவிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சரியான டிரைவரை அமைப்புக் கோப்பில் பெயர் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். சரியான டிரைவர் ஏறியும் மந்தமென்றால் இன்னொரு காரணம் உண்டு. 2012இல் வந்த எக்ஸ் சேர்வர் 1.13இலிருந்து எக்ஸ்ஏஏ என்ற பழைய வேகப்படுத்தும் முறையையே எடுத்துவிட்டார்கள். புதிய முறைக்கு மாற்றி எழுதப்படாத டிரைவர்கள் அன்றிலிருந்து நொண்டுகின்றன. அதனால்தான் புதிய பதிப்புப் போட்டவுடன் பழையதை விட மந்தமாகும் யந்திரங்களைப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட இடத்தில் சொலாரிஸ் 10க்கே திரும்பிப் போவது நல்லது என்பது என் முடிவு, ஆனால் அந்த யந்திரத்தை நேரடியாக இணையத்தில் விடாதீர்கள்.

சன்னலை நகர்த்தும்போது மட்டும் இழுபடுகிறது

சிடிஇயின் ஸ்டைல் மேனேஜரில் விண்டோ பகுதிக்குப் போய், நகர்த்தும்போது உள்ளடக்கத்தைக் காட்டும் தெரிவை நிறுத்துங்கள். இனிச் சட்டகக் கோடு மட்டும் நகரும். பின்னணியில் பெரிய படம் இருந்தால் அதையும் எடுங்கள். சொலாரிஸ் 10இல் ஜாவா டெஸ்க்டொப் போட்டிருந்தால் உள்நுழையும் திரையிலேயே சிடிஇயைத் தெரிவு செய்யலாம். பழைய யந்திரத்துக்குப் பழைய டெஸ்க்டொப், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலையில் நல்லம், போகப்போக மந்தம், டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை

மெமரி முடிந்துவிட்டது. திரை மந்தமாகத் தெரிவது, சன்னலின் பகுதிகளை டிஸ்கிலிருந்து திரும்ப இழுத்து வரவேண்டியிருப்பதால்.

'விஎம்ஸ்டாட் 5' தட்டி ஒரு நிமிடம் விடுங்கள். முதல் வரி யந்திரம் தொடங்கியதிலிருந்து எடுத்த சராசரி, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அடுத்த வரிகளில் 'எஸ்ஆர்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அது சுழியமாக இருந்தால் மெமரி போதும். விடாமல் நூற்றுக்கணக்கில் ஓடினால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மெமரியில் வெற்றுப் பக்கம் தேடி அலைகிறது என்று பொருள்.

அடுத்தது யார் தின்கிறார்கள் என்று 'ப்ரிஸ்டாட்' மூலம் பார்ப்பது. இங்கே பலர் வழி தவறுவார்கள். எக்ஸ்சன் என்ற திரைச் சேர்வர் மிகப் பெரிய எண்ணோடு மேலே நிற்கும், உடனே அதுதான் குற்றவாளி என்று கொன்றுவிடுவார்கள், எல்லாருடைய வேலையும் போய்விடும். எக்ஸ்சனின் 'சைஸ்' எண்ணில் கார்டின் முகவரிப் பரப்பும் சேர்த்துக் கணக்காகிறது, அது உண்மையான மெமரி இல்லை. 'ஆர்எஸ்எஸ்' நெடுவரிசையைப் பாருங்கள். அதுவும் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் ஏதோ ஒரு பிரவுசர் தன் படங்களை எக்ஸ்சனிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் இருக்கிறது. பிரவுசரை மூடினால் எக்ஸ்சனுக்குள் அந்த இடம் விடுபடும், அடுத்து வரும் சன்னல்கள் அதையே பயன்படுத்தும்.

இன்னொரு இடம் டிஎம்பி அடைவு. சொலாரிஸில் அது டிஸ்கில் இல்லை, மெமரியிலும், மெமரி நிறையும்போது உதவும் ஸ்வாப்பிலும் இருக்கிறது. யாராவது பெரிய வரைபடக் கோப்பைத் தற்காலிகமாக அங்கே வைத்துவிட்டு மறந்தால், அவ்வளவு மெமரியும் போனது போனதுதான். 'டிஎஃப் மைனஸ் கே' போட்டு டிஎம்பியில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். வேலைக்கோப்புகளை வார் டிஎம்பியில் வைக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள், அது டிஸ்கில் இருக்கிறது.

மெமரி கூட்டுவதென்றால் அல்ட்ரா 5க்கு 512 எம்பி வரை, அல்ட்ரா 10க்கு 1 ஜிபி வரை, இரண்டிலும் சோடி சோடியாகத்தான் போட வேண்டும். வீணாய்ப் போன ஓர் அல்ட்ரா 5 இருந்தால் எறியாதீர்கள், அதிலிருந்து கழற்றிய மெமரிதான் அடுத்ததைக் காப்பாற்றும்.

பக்கத்து யந்திரத்திலிருந்து திறந்தால் மட்டும் மந்தம்

'எஸ்எஸ்எச் மைனஸ் எக்ஸ்' (இந்த எக்ஸ் பெரிய எழுத்து) மூலம் வந்தால் ஒவ்வொரு கோடும் மறைகுறியாக்கப்பட்டு வருகிறது, பழைய சிபியுவுக்கு அதுவே முழுநேர வேலை. லாபுக்குள்ளே கம்பியில் இருக்கும்போது சுருக்கும் தெரிவான 'மைனஸ் சி'யை (இதுவும் பெரிய எழுத்து) சேர்க்காதீர்கள், அது இன்னும் கூட்டும். ஆனால் அதற்கு முன் கம்பி இணைப்பைப் பாருங்கள். சுவிட்சை முழு இருவழியில் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் முறையில்) கட்டாயப்படுத்தி வைத்து, சன் தானாகப் பேசித் தெரிந்துகொள்ளும்படி விட்டால், சன் அரை இருவழியில் போய் நின்றுவிடும். சிறிய வேலைகள் ஓடும், பெரிய படம் வந்தால் திக்கித் திக்கி வரும். 'நெட்ஸ்டாட் மைனஸ் ஐ' போட்டால் மோதல் எண்ணிக்கை ஏறிக்கொண்டு போகும். அல்ட்ராவில் 'என்டிடி' கட்டளையால் எச்எம்இ கருவியின் 'லிங்க்மோட்'டைக் கேட்டால் 0 என்றால் அரை, 1 என்றால் முழு. இரண்டு பக்கத்தையும் தானாகப் பேச விடுங்கள், அல்லது இரண்டு பக்கத்தையும் கட்டாயப்படுத்துங்கள். ஒருபக்கம் மட்டும் செய்யக் கூடாது.

ஒரே யந்திரத்துக்குள் ஓடும் நிரலுக்கு டிஸ்ப்ளே மாறியில் (பெயர் முழுவதும் பெரிய எழுத்து) யந்திரத்தின் பெயரைப் போடாமல் வெறும் முக்காற்புள்ளியும் 0வும் போடுங்கள். பெயர் போட்டால் நெட்வேர்க் வழியாகச் சுற்றி வரும், பகிர்ந்த மெமரியைப் பயன்படுத்தாது.

முப்பரிமாணம் திக்குகிறது

பிஜிஎக்ஸ் வகைகள் எதுவும் சொலாரிஸில் முப்பரிமாணம் வரையும் ஓபன்ஜிஎல்லை வன்பொருளில் செய்வதில்லை, முழுவதும் சிபியுவில் ஓடுகிறது. அதில் வேகம் எதிர்பார்க்க வேண்டாம். அல்ட்ரா 10இல் கிராபிக்ஸ் கார்ட் செருகும் யூபிஏ துளை ஒன்று இருக்கிறது, அல்ட்ரா 5இல் இல்லை. அந்தத் துளையில் கிரியேட்டர் 3டி அல்லது எலைட் 3டி கார்ட் இருந்தால் மட்டுமே இங்கே பேச விஷயம் உண்டு. இருந்தும் மந்தமென்றால் 'ஓஜிஎல் இன்ஸ்டோல் செக்' என்ற சோதனை நிரலை ஓட்டிப் பாருங்கள், எந்த வழியில் வரைகிறது என்று சொல்லும். எலைட் 3டிக்கு ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் மைக்ரோகோட் ஏற்ற வேண்டும், அதைச் செய்வது பின்னணியில் ஓடும் ஏஎஃப்பி டீமன் என்ற நிரல். 'பிஎஸ்' பட்டியலில் அது இல்லையென்றால் நல்ல கார்ட் சும்மா கிடக்கிறது.

மத்தியானத்தில் மந்தம், காலையில் இல்லை

மே தொடங்கிச் சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஏ9 வீதியோரக் கட்டடங்களுக்குள் வரும் புழுதி கொஞ்சநஞ்சமில்லை. பெட்டியைத் திறந்தால் சிபியுவின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் செம்மண் அடைத்து, காற்று போகும் இடமே தெரியாமல் இருக்கும். இந்த வயது யந்திரங்கள் சூடானால் தாமாக வேகத்தைக் குறைப்பதில்லை. ஆனால் மெமரி பிழைவிடத் தொடங்கும், யந்திரம் அதைத் திருத்தித் திருத்தி ஓடும். வார் ஏடிஎம் அடைவிலுள்ள மெசேஜஸ் கோப்பில் 'ஏஎஃப்டி0' என்று தொடங்கி, திருத்தப்பட்ட மெமரிப் பிழை என்ற வரிகள் வந்தால், எந்தத் துளையிலுள்ள மெமரி என்றும் அதுவே சொல்லும். 'ஐஓஸ்டாட் மைனஸ் ஈஎன்' போட்டு டிஸ்கின் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள். ஹார்ட் எரர் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே தரவைப் படியெடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

துப்புரவு செய்யும்போது பிளக்கைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டபிறகு, காய்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். மெமரியின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதி, திரும்ப இறுக்கிப் போடுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் குழப்பம்

தேதி பழையதாகிவிட்டதா, தொடங்கும்போது ஐடிப்ரொம் செல்லாது என்ற வரி வருகிறதா? யந்திரத்தின் அடையாளத்தை வைத்திருக்கும் அல்ட்ராவின் என்விரேம் சிப்புக்குள் இருக்கும் பற்றரி முடிந்துவிட்டது. ஈதர்நெட் முகவரியே போய்விடுவதால் நெட்வேர்க் வேலை செய்யாது, மேலே சொன்ன பெயர் தேடும் தாமதமும் கூடவே வரும். சிப்பை மாற்றும்வரை யூபிஎஸ்ஸில் வைத்து அணைக்காமல் விடுவது நல்லது.

உண்மையிலேயே கார்ட்தான் என்றால்

சன் பிளேட் 100, 150 வைத்திருப்பவர்கள் வெளிநாட்டில் உள்ளவரிடம் எக்ஸ்விஆர் 100 என்ற பிசிஐ கார்டைக் கேளுங்கள். அதில் இருப்பது ரேடியன் 7000 சிப், ஆனால் சாதாரண பிசிக்கு விற்கும் ரேடியன் 7000ஐ வாங்கி அனுப்பினால் யந்திரம் தொடங்கும்போது முதலில் ஓடும் சன்னின் ஓபன்பூட் அதை அடையாளம் காணாது, தொடக்கத் திரையே வராது. ஓபன்பூட்டுக்கு விளங்கும் எஃப்கோட் என்ற நிரல் உள்ளே எழுதப்பட்ட சன் கார்ட்தான் வேண்டும். போட்ட பிறகு ஸ்டொப் விசையையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்தி ஓபன்பூட்டின் ஓகே நிலைக்கு வந்து, 'ஷோ டிஸ்ப்ளேஸ்' தட்டிப் புதிய கார்ட் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதை 'அவுட்புட் டிவைஸ்' ஆக 'செட்என்வி' மூலம் கொடுத்து, மொனிட்டர் கம்பியைப் புதிய கார்டுக்கு மாற்றி, 'பூட் மைனஸ் ஆர்' போட்டுத் தொடங்குங்கள், சொலாரிஸ் அப்போதுதான் புதிய வன்பொருளைத் தேடிச் சேர்க்கும்.